வேப்பங்குழை உதிரும்வரை

வெள்ளரிப்பிஞ்சை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கடித்தால் எழுகிற அந்த ‘மொறுக்’ என்ற சத்தத்துக்கு எனக்கு இன்றைக்கும் பிடரி சில்லிட்டுப் போகும். மற்றவர்களுக்கு அது கோடையின் சத்தம். நீளவாக்கில் கீறி, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுத்தால் உச்சி வெயிலுக்கு வயிறு குளிரும் என்பார்கள். எனக்கோ அந்தச் சத்தத்துக்குப் பின்னால் இன்னொன்று வரப்போகிறது என்று காது காத்துக்கொண்டே இருக்கும். பாம்பைக் கண்டு பயப்படுகிறவர்களை யாரும் கேலி செய்வதில்லை. வெள்ளரிப்பிஞ்சைக் கண்டு பயப்படுகிற நடுவயதுப் பெண்பிள்ளையைக் கண்டால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். அதனாலேயே இதை இதுவரை ஒருவரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

எங்கள் வீடு சேரன்மகாதேவியைத் தாண்டி, கைகாட்டினால் மட்டும் பேருந்து நிற்கிற ஒரு சிறிய ஊரில் இருந்தது. ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வயல், வயலை ஒட்டி ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி அம்மாவின் கீரைப் பாத்திகள், மேட்டில் ஒரு வேம்பு, ஒரு பசு, அத்தையின் ஒரு வெள்ளாடு, இவ்வளவுதான் எங்கள் சொத்து. அத்தை என்றால் அப்பாவின் அக்கா, கிருபை அத்தை. மாமா காலமான பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டவர். அப்பா, அம்மா, அத்தை, நான், என்னைவிட ஐந்து வயது இளையவளான தங்கை பியூலா, ஆக ஐந்து உருப்படிகள்.

அம்மாவுக்கு ஒரு கர்வம் உண்டு. அது நகையைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ இல்லை, சோற்றைப் பற்றியது. எங்கள் வீட்டில் ‘கடைத்தீனி’ என்பது கெட்ட வார்த்தை. காலையில் மோர் ஊற்றிய பழைய சோறும் உரித்த சின்ன வெங்காயமும், சனிக்கிழமை உளுந்தங்களி, முருங்கைக்கீரை தழைத்துத் தள்ளும் நாட்களில் கூட்டாஞ்சோறு, மழைக்கு உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும், நாலு மணிக்குக் கருப்பட்டிக் காப்பி என்று எல்லாம் எங்கள் வயலில் விளைந்ததோ, எங்கள் ஆட்கள் கண்பார்க்க விளைந்ததோதான். களியின் நடுவில் குழி பறித்து நல்லெண்ணெயை ஊற்றும்போதெல்லாம் அத்தை, “வைத்தியனுக்குக் குடுக்கிறதை வாணியனுக்குக் குடு” என்று சொல்லாமல் ஊற்றியதில்லை. அவசரமாக விழுங்கினால் “நொறுங்கத் தின்னா நூறு வயசு, ஏட்டி” என்று முதுகில் ஒன்று விழும். பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் சேமியா ஐஸ் வாங்கி உறிஞ்சும்போது நாங்கள் இரண்டு பேரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு நிற்போம். பியூலாவுக்கு பிஸ்கட் என்றால் என்ன ருசி என்றே தெரியாது. யாராவது தின்றால் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஊரில் எங்களைக் கஞ்சப் பிசினாறி என்றார்கள். அம்மாவுக்கு அதெல்லாம் உறைக்காது. “எம் பிள்ளையள் ரெண்டுக்கும் காய்ச்சல்னு ஒரு ஊசி போட்டதில்ல” என்று கோயிலில், கிணற்றடியில், கல்யாண வீட்டில் என்று எங்கேயும் சொல்லுவாள்.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. அது எங்களுக்கு ஓட்டையாகத் தெரியவில்லை.

நெல் அறுத்த பிறகு கோடைக்கு அப்பா வெள்ளரி போடுவார். கிணற்றுத் தண்ணீரில் கொடி ஓடிப் படர்ந்து, இலைக்கு அடியில் விரல்விரலாகப் பிஞ்சு விடும்போது சிவப்பு வண்டு வந்துவிடும். மருந்து அடிக்காவிட்டால் ஒரு வாரத்தில் வயலில் நரம்புதான் மிஞ்சும். கீரைப் பாத்தியில் அம்மா ஒரு சொட்டு மருந்து விழ விட்டதில்லை. வெள்ளரியில் மட்டும் அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. மருந்து அடித்த அன்று அப்பா மேட்டு வேம்பில் ஒரு கொப்பை ஒடித்து வந்து, வெள்ளரி வயலின் தலைமாட்டு வரப்பில் நட்டுவைப்பார். அதற்கு எங்கள் வீட்டில் ‘குழை நடுகிறது’ என்று பேர். இலை காய்ந்து அத்தனையும் உதிர்ந்து, குச்சி மொட்டையாக நிற்கும்வரை அந்த வயலில் ஒரு பிஞ்சைக்கூட நாங்கள் தொடக் கூடாது. மே மாத வெயிலுக்கு இலை உதிர ஐந்தாறு நாள் ஆகும். தேதியும் கிழமையும் பிள்ளைகளுக்குத் தப்பிப்போகும், கண்ணுக்குத் தெரிகிற அடையாளம் தப்பாது என்பது அப்பாவின் யோசனை. மருந்து மறுபடி அடித்தால் பழைய குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பச்சைக் குழை நடுவார். குழை பச்சையாக நிற்கும் வயலுக்குள் நுழைவதைவிடக் கோயிலில் பிரசங்கத்தின்போது எழுந்து ஓடுவது எங்களுக்குச் சின்னக் குற்றம்.

எனக்குப் பத்து வயதான அந்தக் கோடையில், ஒரு தடவை நட்ட குழை பழுத்துக்கொண்டு வந்தது. நான் தினமும் போய்ப் பார்த்தேன். பாதி உதிர்ந்தது, முக்கால் உதிர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நுனியில் நாலைந்து மஞ்சள் இலைதான் மிச்சம். நாளைக்குப் பிஞ்சு பறித்துத் தருகிறேன் என்று பியூலாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் கோயிலில் விடுமுறை வேதாகமப் பள்ளி. பாட்டும் கதையும் படம் ஒட்டுவதும் இருக்கும், அதற்கு நேரம் பிந்தினால் முன்வரிசை கிடைக்காது. ஆட்டைக் கட்டுவது என் வேலை. கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். நான் போனபின் அப்பா முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு வெள்ளரிக்கு மறுபடி மருந்து அடித்ததும், பழைய குச்சியைப் பிடுங்கிப் புதுக் குழை நட்டதும் எனக்குத் தெரியாது. அடித்துவிட்டுக் குளித்து அவர் விதை வாங்க வெளியே போய்விட்டார்.

நான் திரும்பும்போது உச்சி வெயில். பியூலா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் வரப்பு வழியாக ஓடினோம். தலைமாட்டு வரப்பில் குச்சி நின்றது. மொட்டைக் குச்சி. ஒரு இலை இல்லை. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று. இலைகளை விலக்கி மூன்று பிஞ்சு பறித்தேன். மருந்து வாடை இருந்ததா என்றால் இருந்திருக்க வேண்டும். அந்தக் கோடையில் காற்றே அந்த வாடையோடுதான் வீசியது, மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது. பாவாடையில் துடைத்து இரண்டைப் பியூலாவிடம் கொடுத்தேன். அவள் அத்தை சொல்லிக்கொடுத்தபடி நொறுங்க நொறுங்க மென்று, தோல்கூடத் துப்பாமல் தின்றாள். மூன்றாவதைச் சாப்பாட்டுக்குப் பிறகு தின்னலாம் என்று என் பாவாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாப்பிடும் முன்னால் நொறுக்கினால் அம்மா வைவாள் என்கிற ஒரு பயம்தான் என்னைக் காப்பாற்றியது.

சோற்றுக்கு உட்கார்ந்தபோது பியூலா சோறு வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரத்தில் வயிறு வலிக்கிறது என்றாள். பிறகு வாந்தி. வாந்தி எடுத்த பிள்ளை அழும், இவள் அழாமல் உட்கார்ந்திருந்தாள், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. சட்டை தெப்பமாக நனைகிற அளவுக்கு வேர்த்து ஊற்றியது. அத்தை நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “கர்த்தாவே. வெயிலு கொண்டிருக்கு பிள்ளைக்கு. உச்சி வெயில்ல வெளிய ஓடியாடுதுவ” என்றார். அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தாள், அதுவும் வெளியே வந்தது. மோர் கொடுத்தாள். பியூலா எழுந்து நின்று இரண்டு எட்டு வைத்தாள், கால் பின்னியது, சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள்.

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. ஆனால் குச்சி மொட்டையாகத்தானே நின்றது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையில் கையை விட்டேன். மூன்றாவது பிஞ்சு இருந்தது. கையை எடுத்து மோந்து பார்த்தேன். பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை. அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த பயத்தைப் போல ஒரு பயம் அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் வந்ததில்லை. சொன்னால் அப்பா தோலை உரித்துவிடுவார் என்ற பயம் அதில் கால்வாசி. சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும் என்ற பயம் முக்கால்வாசி. சொல்லாமல் இருக்கும்வரை அது வெயில்தான், வெயிலுக்கு யாரும் சாக மாட்டார்கள் என்று பத்து வயது மூளை கணக்குப் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினேன். வெயிலாக இருக்கட்டும் ஆண்டவரே, வெயிலாக இருக்கட்டும் என்பதுதான் ஜெபம்.

அப்பா வந்து சேர்ந்தார். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் ஆட்டோவில் பியூலாவை அம்மா மடியில் போட்டுக்கொள்ள, என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியில் பியூலாவின் கன்னத்துச் சதை தானாகத் துடித்தது. அம்மா அதை விரலால் அமுக்கி அமுக்கி நிறுத்தப் பார்த்தாள். நான் பையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒரு அம்மா, மூக்குக்கண்ணாடி போட்டவர். பியூலாவைப் படுக்க வைத்து, இமையைத் தூக்கி, டார்ச் அடித்துக் கண்ணின் கருமணியைப் பார்த்தார். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். எட்டிப் பார்த்த எனக்கும் தெரிந்தது, கருமணி கடுகளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. “பிள்ளை என்ன சாப்பிட்டா?” என்று கேட்டார்.

“வெளிச்சாப்பாடே கிடையாதும்மா” என்றாள் அம்மா. அந்த நேரத்திலும் அந்தக் குரலில் அந்தக் கர்வம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. “மிட்டாய் ஐஸ் ஒண்ணும் வாங்கிக் குடுக்கிறதில்ல. எல்லாம் எங்க தோட்டத்துல வெளைஞ்சதுதான். காலையில பழஞ்சோறும் மோரும்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற எதையாவது எடுத்து வாயில வச்சாளா? பாட்டிலு, டப்பா?”

“மருந்தெல்லாம் பரண்ல பூட்டி வச்சிருக்கோம்” என்றார் அப்பா. “பிள்ளையள் அந்தப் பக்கமே போகாது. குழை நட்டா வயலுக்குள்ளயே கால் வைக்காதுவ.”

டாக்டரம்மா மறுபடி கண்ணைப் பார்த்தார். அப்பாவும் அம்மாவும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அந்த அறையில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பேச்சு வராது என்று தெரிந்ததும் பைக்குள் கையை விட்டு அந்தப் பிஞ்சை எடுத்து மேஜை மேல் வைத்தேன். என் உள்ளங்கை வேர்வையில் அது வதங்கிப் போயிருந்தது. “ரெண்டு தின்னா” என்றேன்.

டாக்டரம்மா அதை எடுத்து மோந்து பார்த்தார். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டமாக நடந்தது. பியூலாவின் சட்டையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள். மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். காய்ச்சலுக்கென்று ஒரு ஊசி போட்டிராத பிள்ளைக்குக் கால் மணிக்கு ஒரு ஊசி போட்டார்கள். ஒவ்வொரு ஊசிக்கும் அம்மாதான் ‘அம்மா’ என்றாள், பியூலா ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே நடையில் அப்பா என் முன்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஏட்டி, காலையிலதான் பச்சைக் குழை நட்டேன். பாக்கலையா?”

“மொட்டைக் குச்சிதாம்ப்பா நின்னுச்சு.”

அவர் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “கீழ சருகு கெடந்துச்சா?”

நான் கீழே பார்க்கவே இல்லை. இலை தானாக உதிர்ந்திருந்தால் காலடியில் சருகு கிடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடிக்காமல் கேட்ட அந்த ஒரு கேள்வியை நான் எத்தனையோ தடவை கனவில் கேட்டிருக்கிறேன்.

பொழுது சாயும் முன்னால் பக்கத்து வீட்டு அண்ணாச்சியோடு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவை விட்டு இறங்கியதும் வரப்புக்கு ஓடினேன். கயிறு மண்ணில் இழுபட அத்தையின் ஆடு குச்சியின் பக்கத்தில் நின்று, கீழே விழுந்துகிடந்த கடைசிக் காம்பை அசைபோட்டுக்கொண்டிருந்தது. வேப்பிலை என்றால் ஆட்டுக்கு அல்வா. குச்சியின் பட்டை பச்சையாகத்தான் இருந்தது. காலையில் முன்வரிசைக்காக அவசரப்பட்டு, இறுக்கி முடியாமல் உருவாஞ்சுருக்குப் போட்டுவிட்டு ஓடியது நான்தான். குழையை ஆடு தின்றுவிட்டது என்று வீட்டில் எல்லாரும் பிறகு தெரிந்துகொண்டார்கள். ஆடு திமிறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டது என்றுதான் நினைத்தார்கள். முடிச்சு விஷயத்தை இதோ இப்போதுதான் சொல்கிறேன்.

மறுநாள் செவ்வாய். விடிந்து எழுந்து வந்தபோது வெள்ளரி வயலில் ஆட்கள் குனிந்து நின்றார்கள். இரண்டு பெண்பிள்ளைகளோடு அத்தையும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பறித்துக்கொண்டிருந்தார். வெள்ளரியை ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும், விட்டால் முற்றிப்போகும். செவ்வாய் வியாபாரி வந்து லோடு ஏற்றுகிற நாள். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்து அல்லாடுகிறான், வேலையாவது தடைப்படாமல் இருக்கட்டும் என்று அத்தை தானாக முன்நின்று ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். வரப்பில் நாலு கூடை நிறைந்து, மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தது.

“அத்தை, அதுல மருந்து அடிச்சிருக்கு” என்றேன்.

“தெரியுமே. நம்ம யாரும் திங்கப்படாது” என்றார் அத்தை, நிமிராமலே. “இது லோடுக்கு.”

அத்தை கெட்டவர் இல்லை. பிச்சைக்காரருக்குப் பழைய சோறு போட்டால்கூட ஊறுகாய் வைத்துப் போடுகிறவர். அவர் சொன்னது எங்கள் வீட்டு வழக்கம், எங்கள் வயக்காட்டு வழக்கம். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கிறோம், குழை உதிர ஐந்தாறு நாள் ஆகிறது, அப்படியானால் நடுவில் பறித்தது எல்லாம் எங்கே போயிற்று என்று அப்பாவோ அம்மாவோ நானோ ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. குழையை எங்கள் நாலைந்து வாய்க்குத்தான் நட்டோம். அன்றைக்குக் காலையில் அந்த வரப்பில் நின்றபோது எனக்கு இது இவ்வளவு தெளிவாகப் புரிந்தது என்று சொன்னால் பொய். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சாக்குக்குக் கீழே நாலு கூடை நிறைய, என் பாவாடைப் பையில் இருந்த அதே பிஞ்சு. வியாபாரி வந்தார், தராசு போட்டார், ஏற்றிக்கொண்டு போனார்.

அப்பா வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. பியூலா கண் விழித்துவிட்டாள், தண்ணீர் கேட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், காலியான கொடிகளைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். அத்தை ஓடி வந்து, “லோடு ஏத்தி விட்டாச்சுடே, நீ கவலைப்படாத” என்றார். அப்பா சுவரில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்தார். என்ன நினைத்தாரோ, என்னையும் தூக்கிப் பின்னால் உட்கார வைத்தார். அவர் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனபோதுகூட அவர் இப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் லோடு போய் இறங்குகிற சேரன்மகாதேவி பேருந்து நிலையத்தில் பெண்கள் தலையில் தட்டோடு ஜன்னல் ஜன்னலாக நடந்துகொண்டிருந்தார்கள். வெள்ளரிப்பிஞ்சு, வெள்ளரிப்பிஞ்சு என்று அவர்கள் கூவுகிற இழுப்பு எனக்குப் பிடித்த பாட்டு. அப்பா முதலில் வந்தவரிடம் போய், “ஆச்சி, இந்தக் காயைத் திருப்பிக் குடுத்துருங்க, நான் எடுத்துக்கிடுதேன்” என்றார்.

அவர் சிரித்தார். “உங்க காய்தானா அண்ணாச்சி? தேனா இருக்குன்னு சொல்லுதாவ. பாதி போயிட்டு. திருப்பிக் குடுத்தா நான் என்னத்தை விக்க?”

“ஏன், என்ன சங்கதி?” என்று இன்னொரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். அப்பா வாயைத் திறந்தார். சுற்றிலும் ஜனம். தெரிந்த முகம் பாதி. கோயில் முகம், சந்தை முகம். அவர் வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது. நேற்று என் நாக்கு ஒட்டிக்கொண்டதைப் போல இன்று அவருடையது ஒட்டிக்கொண்டது. கடைசியில், “காய் கசக்குது, கெட்ட பேரு வந்துரும்” என்றார். கசக்கிற காய் என்றதும் தட்டுகளைக் கொட்டிக் கொடுத்தார்கள். ஒன்றரைக் கூடை தேறியது. மிச்சம் அம்பாசமுத்திரம் பக்கமும் திருநெல்வேலி பக்கமும் பேருந்துகளில் ஏறிப் போய்விட்டது.

எங்களுக்கு முன்னால் ஒரு பேருந்து கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரத்தில் பியூலா வயதில் ஒரு பிள்ளை, ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை, கையில் கீறிய பிஞ்சு. என்னைப் பார்த்துச் சிரித்தது. ‘மொறுக்’ என்று கடித்தது. நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பாவும் அந்தப் பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கத்த வேண்டும் என்று தோன்றியது, தொண்டைவரை வந்தது. நாலடி தூரம்தான். நான் கத்தவில்லை. அப்பாவும் கத்தவில்லை. பேருந்து நகர்ந்து, தெருமுனையில் திரும்பி, புழுதிதான் மிஞ்சியது.

மீட்டுக்கொண்டு வந்த காயை அப்பா குழி தோண்டிப் புதைத்தார். அன்று மத்தியானமே கொடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டார். அம்மாவுக்கு இதெல்லாம் மூன்று நாள் கழித்து, பியூலாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். அவள் அத்தையைக் குறை சொல்லவில்லை. அப்பாவிடமும் சண்டை போடவில்லை. “ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்பாவ” என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைச் சேலையில் மூடிக்கொண்டாள். அந்த வருஷம் முழுதும் அவள் பேப்பரை வாங்கி ஒரு எழுத்து விடாமல் படித்தாள், எந்த ஊரிலாவது எந்தப் பிள்ளைக்காவது எதுவும் நேர்ந்ததா என்று. ஒரு செய்தியும் வரவில்லை. செய்தி வராதது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பியூலாவுக்கு வந்தபோது நாங்களே முதலில் வெயில் என்றுதானே சொன்னோம். அந்தப் பிள்ளையின் வீட்டிலும் அப்படிச் சொல்ல ஒரு அத்தை இருந்திருப்பார்.

அதற்குப் பிறகு சாப்பாட்டுக்கு முன் ஜெபத்தில் அம்மா ஒரு வரி சேர்த்துக்கொண்டாள். இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம் என்று முடிகிற இடத்தில், “எங்கள் கையால் தின்ற பிள்ளைகளையும் காத்துக்கொள்ளும்” என்பாள். விருந்தாளிகள், யாருக்காவது சோறு போட்டதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சத்தமாக ஆமென் போடுவார்கள். அப்பா மட்டும் தலை நிமிர மாட்டார். அவர் அதற்குப் பிறகு தெளிப்பானைத் தொடவில்லை. வண்டு தின்றது போக மிஞ்சியதை விற்றார், பல வருஷம் மிஞ்சவே இல்லை. கடைத்தீனியை அம்மா பிறகு கெட்ட வார்த்தையாகச் சொன்னதில்லை, எங்கள் தோட்டத்துக் காய் என்று பெருமை பேசியும் நான் கேட்டதில்லை.

இன்று அந்த வயலில் வெள்ளையும் மஞ்சளும் அடித்த கல் நட்டு மனை பிரித்திருக்கிறார்கள். கிணற்றை மூடியாயிற்று. அத்தையும் அப்பாவும் பாளையங்கோட்டைக் கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறார்கள். குழை நடுகிற வழக்கத்தைப் பற்றி இப்போது அந்தப் பக்கத்தில் கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. எங்களைப் போன்ற நாலைந்து வீட்டோடு அது போயிற்று. போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அவரவர் வீட்டு வாய்க்கு மட்டும் நட்ட குழைதானே அது.

பியூலாவுக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கொடுத்த பிஸ்கட் மட்டும் ஞாபகம் இருக்கிறது. அம்மா தடுக்கவில்லை, ஒரு பொட்டலம் முழுதும் தின்றேன், என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். போன மே மாதம் அவளும் அவள் ஐந்து வயது மகளும் நானும் பாபநாசம் போய்விட்டுப் பேருந்தில் திரும்பினோம். சேரன்மகாதேவியில் வண்டி நின்றது. ஜன்னலுக்குக் கீழே தட்டோடு ஒரு பெண் வந்தாள்.

“எந்தத் தோட்டத்துக் காய்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் யாருக்குத் தெரியும்மா, லோடுல வருது. காலையில பறிச்ச காய், பயப்படாம வாங்குங்க” என்றாள்.

காலையில் பறித்தது என்பதுதான் எனக்குப் பயம் என்று அவளிடம் எப்படிச் சொல்ல. நான் யோசிப்பதற்குள் பியூலா ஒரு பொட்டலம் வாங்கி மகள் கையில் கொடுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, வெள்ளரிக்கா தானே, பாம்பா?” என்றாள். குழந்தை ‘மொறுக்’ என்று கடித்தது. வண்டி கிளம்பியது. நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கீழே பார்த்தேன். யாராவது ஒரு அப்பாவும் பிள்ளையும் எங்களைப் பார்த்து என்னவோ சொல்ல வாய் திறந்து, சொல்லாமல் நிற்கிறார்களா என்று பார்த்தேன். ஒருவரும் இல்லை. காய்க்காரப் பெண் அடுத்த பேருந்துக்கு நடந்துகொண்டிருந்தாள்.

குழந்தையைத் தூக்கி என் மடியில் வைத்து, முகத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக்கொண்டேன். பாளையங்கோட்டை வரும்வரை அவள் கண்ணின் கருமணியை விட்டு நான் பார்வையை எடுக்கவில்லை.